கேஎல் சென்ட்ரல்: கிராண்ட் யார் பெயரில்?

2016ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டடம் கைமாறியது. கேஎல் சென்ட்ரல் வளாகத்தில், துன் சம்பந்தன் சாலையை ஒட்டி நிற்கும் மெனாரா ஷெல் என்ற 33 மாடி அலுவலகக் கோபுரம் அது. விலை 640 மில்லியன் வெள்ளி. வாடகைக்கு விடக்கூடிய பரப்பு ஐந்தரை இலட்சம் சதுர அடிக்குச் சற்று அதிகம். கணக்குப் போட்டால் சதுர அடிக்கு ஏறக்குறைய 1,150 வெள்ளி வருகிறது. ஒரு மனிதர் பாய் விரித்துப் படுக்க ஆறடிக்கு மூன்றடி போதும். அந்தப் பாயளவு இடத்திற்கு மட்டும் இருபதாயிரம் வெள்ளிக்கு மேல்!

அந்த வட்டாரத்தில் பாய் விரித்துப் படுத்த தலைமுறைகள் நம்மவர்களுடையவை. தண்டவாளம் போட்டவர்கள், சிக்னல் விளக்கு ஏற்றியவர்கள், டிக்கெட் எழுதியவர்கள், கணக்குப் புத்தகம் பார்த்தவர்கள். நூறு ஆண்டுக்கும் மேலாக அவர்கள் வேலை செய்த நிலத்திற்கு இப்படி ஒரு விலை எப்படி வந்தது, வந்த விலையில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு விடை தேடினால், அது சொத்துச் சந்தையில் தொடங்கவில்லை. செங்கல் சூளையில் தொடங்குகிறது.

சூளையும் தண்டவாளமும்

1881இல் கோலாலம்பூரை முதலில் தீயும், அதே ஆண்டில் வெள்ளமும் அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஊர் அது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனி வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தார். செங்கல்லுக்குக் களிமண் வேண்டும். ஊருக்குத் தெற்கே நல்ல களிமண் கிடைத்தது. பின்னாளில் கடைசி சீனக் கப்பித்தானாக விளங்கிய யாப் குவான் செங் அங்கே சூளை நடத்தினார். செங்கல் விளைந்த வயல் என்ற பொருளில் அந்த இடத்திற்குப் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் நிலைத்தது.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. மறு ஆண்டே கோலாலம்பூருக்கும் இரயில் வந்துவிட்டது. 1886இல் திறந்த அந்தப் பாதை கிள்ளான் ஆற்றின் இக்கரையில், புக்கிட் கூடாவோடு நின்றது. 1890இல் பாலம் கட்டிய பிறகுதான் வண்டி கிள்ளான் நகருக்குள் போனது. ஈயத்தை ஏற்றிச் செல்லவும், அரிசியையும் இயந்திரத்தையும் ஆட்களையும் இறக்கவும் ஏற்பட்ட வழி அது. வண்டிகளைப் பிரித்து, கோத்து, திருப்பி அனுப்ப ஒரு பெரிய திடல் தேவைப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் அந்தத் திடலானது.

ஆட்கள் இரு கரையிலிருந்து வந்தார்கள். சல்லி கொட்டி, கட்டை பரப்பி, தண்டவாளம் சுமந்த கைகள் பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர்களுடையவை. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் கப்பலேறினார்கள். அவர்கள் வேர்விட்டதற்கான அடையாளங்கள் இன்னும் கண்முன் நிற்கின்றன. விவேகானந்த ஆசிரமத்தின் கட்டடம் 1904இல் எழுந்தது. ஸ்காட் சாலையில் இலங்கைச் சைவர்களின் கந்தசுவாமி கோயிலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் அமைந்தது. வீட்டுக்கு முன்பே கோயிலுக்கு நிலம் தேடிய தலைமுறை அது. அந்த முன்னுரிமை பின்னாளில் எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கோலாலம்பூரின் பழைய இரயில் நிலையம் 1910இல் திறக்கப்பட்டது. எதிரே இரயில்வேயின் தலைமை அலுவலகம் 1917இல் எழுந்தது. இரண்டையும் வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். நிலையத்தை ஒட்டி அலுவலகம் கட்டும் வழக்கத்தை இந்நகரில் யார் தொடங்கினார்கள் என்று கேட்டால், இரயில்வேயையே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வேறு எவரும் புகைக்கும் கரித்தூளுக்கும் பக்கத்தில் அலுவலகம் வைக்க ஆசைப்படவில்லை.

தொழிலாளர்களுக்கு இரயில்வே குவார்ட்டர்ஸ் கொடுத்தது. ரொசாரியோ சாலையிலும் சான் ஆ தோங் சாலையிலும் இருந்த 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியருக்காகவும் அரசு ஊழியருக்காகவும் கட்டப்பட்டவை. அடுத்தடுத்த கதவுகள், ஒரே கூரை, முன்னால் ஐந்தடி நடை. அங்கே பிறந்தவர்கள் மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆன கதைகளைப் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் அந்த வீடுகளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் இருந்த அதே சட்டம்தான், பட்டணத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நின்றது.

1962 டிசம்பரில் இரயில்வே தொழிலாளர்கள் மூன்று வாரம் நாடு முழுவதும் வண்டியை நிறுத்தினார்கள். நாள்கூலியை மாதச் சம்பளமாக மாற்ற வேண்டும் என்பது அந்தப் போராட்டத்தின் மையக் கோரிக்கை. மலாயாவின் தொழிற்சங்க வரலாற்றில் மறக்க முடியாத வேலைநிறுத்தம் அது. சம்பளம் மாதச் சம்பளமாகலாம். குவார்ட்டர்ஸின் கிராண்ட் மட்டும் கடைசிவரை இரயில்வேயிடமே இருந்தது.

நிலையத்தை மறந்த நகரம்

சுதந்திரத்திற்குப் பிறகு கோலாலம்பூரின் அலுவலகங்கள் இரயிலை விட்டு விலகிப் போயின. பழைய சந்தைச் சதுக்கத்தைச் சுற்றியிருந்த வங்கிகளும் வணிக நிறுவனங்களும் மெல்ல மெல்ல வடகிழக்கே, 'தங்க முக்கோணம்' என்று பெயர் பெற்ற பகுதிக்கு நகர்ந்தன. கார் வைத்திருப்பவருக்கான நகரம் அது. நிறுவனத்தின் கௌரவம் சாலையின் பெயரிலும் கார் நிறுத்துமிடத்தின் எண்ணிக்கையிலும் இருந்தது. அம்பாங் சாலையில் இருந்த குதிரைப் பந்தயத் திடல் சுங்கை பீசிக்குப் போனது. அது இருந்த இடத்தில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் எழுந்தது. பிரிக்பீல்ட்ஸின் இரயில் திடலோ அப்படியே கிடந்தது.

1991இல் வந்த இரயில்வே சட்டம் நிலைமையை மாற்றியது. மறு ஆண்டு மலாயா இரயில்வே, கேடிஎம் பெர்ஹாட் என்ற நிறுவனமாக்கப்பட்டது. நிலத்தையும் மற்றச் சொத்துகளையும் பார்த்துக்கொள்ள இரயில்வே சொத்துக் கழகம் என்ற தனி அமைப்பு ஏற்பட்டது. வண்டி ஓட்டுவது ஒருவர், நிலம் வைத்திருப்பது இன்னொருவர் என்று பிரிந்தபோதே நிலத்திற்குத் தனியாக ஒரு கணக்குப் பிறந்துவிட்டது.

1994இல் அந்தக் கணக்கு எழுதப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் திடல் 72 ஏக்கர். ஏறத்தாழ நாற்பது காற்பந்துத் திடல்கள் கொள்ளும் இடம். நகரின் எல்லா இரயில்களும் சந்திக்கும் புதிய நிலையம் ஒன்றை அங்கே கட்ட அரசாங்கம் முடிவு செய்தது. எம்ஆர்சிபி தலைமையிலான கூட்டு நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது. கேடிஎம் நிறுவனத்திற்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. ஒப்பந்தத்தின் சாரம் எளிமையானது. நிலையத்தைத் தனியார் கட்டித் தர வேண்டும்; அதற்கு ஈடாகச் சுற்றியுள்ள நிலத்தை மேம்படுத்தி விற்கும் உரிமை அவர்களுக்கு. அரசாங்கம் ரொக்கம் கொடுக்க வேண்டியதில்லை. நிலையம் வந்தால் நிலத்தின் விலை ஏறும். ஏறிய விலை நிலையத்தின் செலவை அடைக்கும். ஹாங்காங்கும் தோக்கியோவும் நெடுங்காலமாகப் பழகிய வழிதான்.

புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏட்டில் எழுதியபோது 1997 யாருக்கும் தெரியாது. ஆசிய நிதி நெருக்கடி வந்து கோலாலம்பூர் முழுவதும் பாரந்தூக்கிகள் பாதியில் நின்றன. கட்டி முடித்த அலுவலகங்களுக்கே ஆள் கிடைக்காத காலத்தில், பழைய இரயில் திடலில் புதிய அலுவலக வட்டாரம் என்றால் யார் நம்புவார்கள்? நிலையம் என்னவோ எழுந்துவிட்டது. சிப்பாங் விமான நிலையத்தை வடிவமைத்த ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவே இதையும் வடிவமைத்தார். 2001 ஏப்ரல் 16ஆம் தேதி கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. பயணிகள் புதிய மண்டபத்தில் நடந்தார்கள். வெளியே வந்தால் சுற்றிலும் வெற்று நிலம்.

வெற்று நிலம் நிரம்பிய விதம்

நிலத்தை நிரப்பியது விளம்பரமல்ல, வண்டிகள்தான். 2002 ஏப்ரலில் விமான நிலைய விரைவு இரயில் ஓடத் தொடங்கியது. 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடந்தது. சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் ஒரு நிறுவன அதிகாரி, சாலை நெரிசலைப் பார்க்காமலேயே கூட்டத்திற்கு வந்து, கூட்டம் முடிந்து திரும்பிவிடலாம். 2004இல் ஹில்டன், லெ மெரிடியன் தங்கும் விடுதிகள் இரண்டும் அடுத்தடுத்துத் திறந்தன. அலுவலகங்களில் பிளாசா சென்ட்ரல் முன்னோடி. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான எம்எஸ்சி தகுதி வளாகத்திற்குக் கிடைத்ததும், அந்தச் சலுகையை நாடிய நிறுவனங்கள் வந்தன. கணக்காய்வு நிறுவனமான பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் 1 சென்ட்ரல் கட்டடத்திற்கு வந்தது. சிஐஎம்பி வங்கிக் குழுமத்தின் தலைமையகம் 2013இல் ஸ்டேசன் சென்ட்ரல் 2 சாலையில் 40 மாடிகளோடு நிமிர்ந்தது. ஷெல் நிறுவனமும் அந்தக் காலகட்டத்தில்தான் வந்தது.

ஒரு நிறுவனம் ஏன் இங்கே கூடுதல் வாடகை கொடுக்க வேண்டும்? விடை நிறுவன முதலாளியிடம் இல்லை, அவருடைய குமாஸ்தாவிடம் இருக்கிறது. கிள்ளானிலிருந்து வருபவர், சிரம்பானிலிருந்து வருபவர், ரவாங்கிலிருந்து வருபவர், கிளானா ஜெயாவிலிருந்து வருபவர் என நான்கு திசை ஊழியர்களும் கார் இல்லாமல் வந்து சேரக்கூடிய இடம் கோலாலம்பூரில் அப்போது ஒன்றே ஒன்றுதான். நல்ல ஆள் கிடைப்பதும், கிடைத்த ஆள் நிலைப்பதும் முதலாளிக்கு இலாபம். அந்த இலாபத்தில் ஒரு துண்டுதான் வாடகையாகக் கட்டட உரிமையாளரிடம் போகிறது. நாட்டின் தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையம், அது கலைக்கப்படும் வரை, இங்குள்ள பிளாட்டினம் சென்ட்ரலில்தான் இருந்தது. இரயிலைக் கட்டுப்படுத்தும் அலுவலகமே இரயிலுக்குப் பக்கத்தில் வாடகை கொடுத்துக் குடியிருந்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. 2003 ஆகஸ்டில் மோனோரயில் ஓடத் தொடங்கியபோது, அதன் நிலையத்திற்கும் கேஎல் சென்ட்ரல் என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் பெயர்தான் ஒன்று. இறங்கியவர்கள் துன் சம்பந்தன் சாலையிலிருந்து பெரிய நிலையத்திற்கு வெயிலிலும் மழையிலும், கட்டுமானத் தடுப்புகளுக்கு இடையிலும் நடந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பத்து ஆண்டுக்கும் மேல்! 2014இல் நு சென்ட்ரல் பேரங்காடி திறந்த பிறகுதான் கூரையுள்ள வழி கிடைத்தது. அந்த வழியும் கடைகளின் நடுவே போகிறது. பிரிக்பீல்ட்ஸின் மண்ணை மிதிக்காமலேயே ஒருவர் வண்டி மாறிவிடலாம். 2017 ஜூலையில் எம்ஆர்டியின் தேசிய அருங்காட்சியக நிலையமும் நடைபாதையால் இணைந்தது.

கட்டடங்கள் நிரம்பியதும் அவற்றை வாங்க ரீட் நிறுவனங்கள் வந்தன. பல கட்டடங்களை ஒன்றாக வாங்கி, அதன் பங்குகளைப் பொதுச் சந்தையில் விற்று, வரும் வாடகையைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிதி அமைப்பே ரீட். மெனாரா ஷெல்லை வாங்கியது எம்ஆர்சிபி குவில் ரீட். பிளாட்டினம் சென்ட்ரலை அதற்கு முந்திய ஆண்டே அது வாங்கியிருந்தது. பின்னாளில் அதன் பெயரே சென்ட்ரல் ரீட் என்றாகிவிட்டது. எம்ஆர்சிபியின் மிகப் பெரிய பங்குதாரராக நீண்ட காலம் விளங்கியது ஊழியர் சேமநிதி வாரியம். எந்த இபிஎஃப்? சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அதே இபிஎஃப்தான். ஆக, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் பிறந்து இன்று பூச்சோங்கிலோ ரவாங்கிலோ இருக்கும் ஒருவருக்கும் இந்தக் கோபுரங்களில் ஒரு துளி உண்டு. துளி என்பது துளிதான்.

கிராண்ட் இருந்தவர், இல்லாதவர்

வளாகத்திற்குள் இருக்கும் சாலைகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஸ்டேசன் சென்ட்ரல் 2, ஸ்டேசன் சென்ட்ரல் 5 என்று எண்கள். எதிர்ப்புறம் பிரிக்பீல்ட்ஸில் ரொசாரியோ, சான் ஆ தோங், தம்பிப்பிள்ளை, ஸ்காட் என்று மனிதர்களின் பெயர்கள். எண் போட்ட சாலையில் விலை ஏறியபோது, பெயர் போட்ட சாலையிலும் ஏறத்தான் செய்தது. அந்த ஏற்றம் எல்லாரையும் ஒரே மாதிரி தொடவில்லை.

கடை வீட்டுக்குக் கிராண்ட் வைத்திருந்தவருக்கு அது அதிர்ஷ்டம். அதே கடையை வாடகைக்கு எடுத்து மாலை கட்டியவருக்கும், பலகாரம் போட்டவருக்கும், ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றில் புளி கரைந்தது. 2010 அக்டோபர் 27ஆம் தேதி பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தபோது வளைவும் வண்ணமும் வந்தன. வண்ணம் பூசிய தெருவுக்கு வாடகையும் கூடும் என்பது வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸில் உள்ள பார்வையற்றோர் சங்கத்தைச் சுற்றி வாழ்ந்து, உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்தவர்களுக்கோ வாடகையோடு இன்னொரு தொல்லை. தடியால் தட்டித் தட்டிப் பழகிய நடைபாதை அடிக்கடி இடம் மாறிக்கொண்டே இருந்தது.

குவார்ட்டர்ஸ்காரர்களின் நிலை வேறு. அவர்களுக்கு வாடகை ஏறவில்லை, வீடே போய்விட்டது. ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் 2010களில் காலி செய்யப்பட்டு இடிக்கப்பட்டது. பாரம்பரியக் கட்டடமாகக் காக்க வேண்டும் என்று எழுந்த குரல்கள் பலிக்கவில்லை. ஒரு நூற்றாண்டு அங்கே வாழ்ந்தவர்கள், விலை பேசும் மேசையில் உட்காரவே முடியவில்லை. பேசுவதற்குக் கையில் காகிதம் வேண்டுமல்லவா?

காகிதம் இருந்த இடத்தில் கதை வேறு மாதிரி போனது. 2014இல் விவேகானந்த ஆசிரம நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக் கோபுரம் எழுப்பும் திட்டம் வெளியே தெரிந்ததும் சமூகம் இரண்டுபட்டது. ஆசிரமத்தின் பணிகளுக்கு வருமானம் வேண்டும் என்பது பொறுப்பாளர்களின் வாதம். 1904இன் கட்டடத்தின் தலைக்கு மேல் கோபுரமா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. யார் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஊர் கூடி வாதாட முடிந்தது, நாளேடுகளில் எழுத முடிந்தது, அமைச்சர்வரை போக முடிந்தது. காரணம், நிலம் ஆசிரமத்தின் பெயரில் இருந்தது. கந்தசுவாமி கோயிலும் இன்று அதே இடத்தில் பூசை கண்டு நிற்கிறது.

இன்னொரு கட்டடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில், சுல்தான் சுலைமான் சாலையில் விஸ்மா துன் சம்பந்தன் நிற்கிறது. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகம். 1950களில் வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தோட்டத்தை நாமே வாங்கினால் என்ன என்று கேட்டு, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொழிலாளரின் காசைச் சேர்த்துச் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டியவர்களின் பணத்தில் பிறந்த சங்கத்திற்குத் தலைநகரில், இரயில் நிலையத்தின் அருகே, சொந்த அலுவலகக் கட்டடம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கே அவர் பெயரைத்தான் வைத்தார்கள். இரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அப்படி ஒரு சங்கம் வாய்க்கவில்லை. தோட்டத்தில் ஆபத்து 1950களிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. இரயில்வேயில் அரசாங்க வேலை என்ற நிம்மதி அதை மறைத்துவிட்டது.

கோபுரங்களின் காலமும் ஒரே சீராக இல்லை. எம்ஆர்டி வந்த பிறகு, இரயிலோடு ஒட்டிய அலுவலகம் என்ற பெருமை கேஎல் சென்ட்ரலுக்கு மட்டும் உரியதல்ல என்றாகிவிட்டது. துன் ரசாக் எக்ஸ்சேஞ்சுக்குக் கீழேயே 2017இல் எம்ஆர்டி நிலையம் திறந்தது. மேலே 2019இல் எக்ஸ்சேஞ்ச் 106 முடிந்தது. மெர்டேக்கா 118 கோபுரமும் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியே எழுந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, அலுவலகமே இல்லாமல் வேலை செய்யலாம் என்பதையும் நிறுவனங்கள் கண்டுகொண்டன. கோலாலம்பூரில் அலுவலக இடம் தேவைக்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது என்று சொத்து மதிப்பீட்டாளர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். பழைய கட்டடங்கள் வாடகையைக் குறைக்கின்றன, அல்லது வேறு பயனுக்கு மாறுகின்றன.

நிலையமோ கூட்டம் தாங்காமல் திணறுகிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், கேஎல் சென்ட்ரலைப் புதுப்பித்து விரிவாக்க எம்ஆர்சிபிக்கே அரசாங்கம் ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1 பில்லியன் வெள்ளித் திட்டம். செலவு தனியாருடையது. பழைய ஏற்பாட்டின் அதே சாயல். பட்டர்வொர்த்தில் பினாங்கு சென்ட்ரலின் முதல் கட்டம் 2018இல் திறந்ததும் இதே பாணியில்தான். செந்தூலில் பழைய இரயில்வே பட்டறை நிலம் வீடுகளாகவும் பூங்காவாகவும் நாடக அரங்காகவும் எப்போதோ மாறிவிட்டது. நாட்டின் மற்ற ஊர்களில், நிலையத்துக்குப் பின்னால், இரயில்வே பெயரில் இருக்கும் நிலம் இன்னும் நிறைய உண்டு. சில இடங்களில் பழைய குவார்ட்டர்ஸும் அதன் மேல் நிற்கிறது.